எட்டாம் ஃபாரத்து ஆடு

‘ஆனால்’ என்ற சொல்லோடு பக்கம் முடிந்துபோனது. மடித்த தாளின் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்து, மூக்கில் மை அப்பப் பார்த்துக்கொண்டிருந்தவள் தாளை இப்படியும் அப்படியும் புரட்டினாள். அவ்வளவுதான். ஏழாம் ஃபாரம் அங்கே தீர்ந்துவிட்டது. கதைக்குள், மலையடிவாரக் குழியில், பூதத்துக்கு எதிரில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்ற பெண், “சரி, நீ கேட்டதைத் தருகிறேன். ஆனால்” என்று திறந்த வாயோடு நிற்கிறாள். மிச்சம் எட்டாம் ஃபாரத்தில் இருக்கிறது. அது பக்கத்துப் பலகையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கிறது. தொடக் கூடாது.

பைண்டிங் கூடத்தில் பன்னிரண்டு பெண்கள். ஒருத்திக்கு ஒரு ஃபாரம். ஃபாரம் என்பது அச்சிலிருந்து இறங்கும் பெரிய தாள்; அதில் பதினாறு பக்கங்கள் இருக்கும். பாதி தலைகீழாக, முன்னுக்குப் பின்னாகக் கிடக்கும். மூன்று மடிப்பு மடித்தால்தான் அவை வரிசைக்கு வரும். அப்போதும் ஓரங்கள் பிரிந்திருக்காது, வெட்டு மெஷினுக்குப் போன பிறகுதான் திறக்கும். அதுவரை உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டுமென்றால் சாக்குக்குள் தலையை விட்டுப் பார்ப்பதுபோல்தான் பார்க்க வேண்டும். ஒருத்தி எந்த எண்ணைப் பிடித்தாளோ அந்தப் புத்தகம் முழுக்க அதே எண், அடுத்த புத்தகத்துக்கும் அதே எண். மாற்றி மாற்றிக் கொடுத்தால் தாள் கலந்துவிடும், கை பிசகிவிடும் என்று மேஸ்திரி வைத்த சட்டம். அதனால் கூடத்தில் யாருக்கும் வீட்டுப் பெயர் புழங்குவதில்லை. முதலக்கா, எட்டக்கா, கடைசியக்கா. வயதில் சின்னவளென்றால் வெறும் ஒன்பது. புதிதாக வந்திருந்த பதினேழு வயதுக்காரி ஏழு.

அந்த அச்சகத்துக்குச் சோறு போட்டது சரிவூர்க் கதைகள். வருஷத்துக்கு ஒன்று வரும், முப்பதைத் தாண்டிவிட்டது. சரிவூர் ஒரு மலைச்சரிவில் கட்டிய ஊர். கீழே வைத்தது எதுவும் நிற்காது, உருண்டுவிடும். ராஜாவின் சிம்மாசனத்தையே சங்கிலி போட்டு மரத்தில் கட்டியிருப்பார்கள். ஊருக்கு ஒரு மந்திரவாதி உண்டு; அவன் போடும் மந்திரம் ஒருநாளும் போட்ட ஆள்மேல் விழுந்ததில்லை, எப்போதும் பக்கத்து வீட்டில்தான் போய் விழும். முப்பது புத்தகமாக இதே கூத்து. இந்தத் தடவைதான் இளவட்டங்கள் படிக்கட்டுமென்று, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணையே கதாநாயகியாக்கி எழுதியிருந்தார்கள். தவறி விழுந்த மந்திரத்தையெல்லாம் தொட்டிலிலிருந்தே தலையில் வாங்கி வளர்ந்த பதினாறு வயதுக்காரி. மழை பெய்தால் அவள் எடை பாதியாகிவிடும். அவளுக்கு இரண்டு நிழல், ஒன்று அடக்கமானது, ஒன்று வாலு. கடைசியாக விழுந்த மந்திரத்தில் அவளுடைய அம்மாவின் குரல் தொண்டையிலிருந்து நழுவி, வாசற்படி தாண்டி, மலையடிவாரத்துக்கு உருண்டுபோய்விட்டது. அதை எடுத்துவரத்தான் பெண் இறங்கிப் போகிறாள்.

ஒரே ஃபாரத்தை வருஷக்கணக்காக மடித்தால் அது ஆளின் குணத்தில் ஏறிவிடும் போலிருக்கிறது. முதலக்கா எதைப் பார்த்தாலும் “இது வம்புல போய் முடியும்” என்பாள். அவளுடைய பதினாறு பக்கத்தில் எப்போதும் வம்பு தொடங்கியிருக்கும், தீர்ந்ததை அவள் கண்டதில்லை. கடைசியக்காவுக்குப் பதற்றமே கிடையாது. அவள் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று ஆள் ஓடிவந்து சொன்னபோது, கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாளாம். “எந்திரிச்சிடுவாரு” என்றாளாம். எழுந்தும்விட்டார். ஏழாம் ஃபாரத்தில் மட்டும் யாரும் நன்றாக இருந்ததில்லை. அதில் வருகிறவர்கள் தொங்குவார்கள், மூழ்குவார்கள், திருடன் என்று பிடிபடுவார்கள். இதற்கு முன் ஏழாக இருந்தவள் புளித்துப்போய் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

அந்த இடத்துக்குத்தான் இவள் வந்திருந்தாள். அதற்கு முன் அம்மாவோடு கட்டட வேலையில் இரண்டு வருஷம் மணல் சுமந்தவள். சும்மாடு அழுத்திய இடத்தில் உச்சந்தலை முடி மெலிந்து தோல் தெரியும். அதை மறைக்க வகிட்டை ஓரமாக எடுத்துச் சீவுவாள். “இந்தப் புத்தகம் முடியட்டும். கை சரியா இருந்தா வெச்சுக்கறேன், இல்லன்னா நடையக் கட்டு” என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தார். வெட்டு மெஷினுக்கு விரல் நுனியைக் கொடுத்த மனிதர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அம்மா அன்றைக்கு இரவு சொன்னது ஒன்றுதான்: “ஃபேனுக்குக் கீழ உக்காந்து செய்யற வேலைடி. விட்டுடாத.”

சாப்பாட்டு நேரத்தில்தான் கதை ஒன்றுசேரும். டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு முதலக்கா தொடங்குவாள், எண் வரிசையில் ஒவ்வொருத்தியும் தன் பங்கைச் சொல்வாள்.

“ராஜாவுக்கு மண்டைல முடி வளரணும்னு மந்திரம் போடறான் அந்த விளங்காதவன். பக்கத்து வீட்டுத் தொட்டில்ல கெடக்கற கொழந்தைக்கு மீசை மொளைக்குது. பொட்டப் புள்ளைக்கு முறுக்கு மீசை! நான் சிரிச்ச சிரிப்புல ரெண்டு தாள் கிழிஞ்சுபோச்சு. மேஸ்திரி காதுல போட்டுடாதீங்கடி.”

ஏழின் முறை வந்தது. அடிவாரக் குழியைச் சொன்னாள். முப்பது புத்தகத்தில் உருண்டதெல்லாம் அங்கே குவிந்து கிடப்பதை, கிரீடத்தை, கண்ணாடிகளை, எந்தப் புத்தகத்திலோ காணாமல்போன ஒரு கல்யாணக் கூட்டமே பந்தி விரித்துக் காத்திருப்பதைச் சொன்னாள். காவலுக்குப் பூதம். “‘உனக்கு எதுக்கு ரெண்டு நிழல்? எனக்கு ஒண்ணக் குடு. தனியா இருந்து இருந்து பைத்தியம் பிடிக்குது’ன்னு கேக்குது. இவ ‘தர்றேன், ஆனால்’ங்கறா. அதோட என்னுது முடிஞ்சிருச்சு.” எட்டக்காவின் பக்கம் திரும்பினாள். “ஆனா என்னக்கா?”

எட்டக்கா மென்றுகொண்டிருந்ததை நிதானமாக விழுங்கினாள். “ஆனா எனக்கு ஒரு ஆடும் சேத்துக் குடுக்கணும்னு கேட்டா.”

“ஆடா?”

“மேலருந்து உருண்டு விழுந்த ஆடு. செனை ஆடு வேற. அடிபட்டுக் கெடக்கு, கண்ணுல தண்ணி வடியுது. விட்டுட்டு வர மனசு வருமா? தோள்ல போட்டுக்கிட்டு ஏறுறா. பாதி வழில வலி கண்டு, ரெண்டு குட்டி. ஒண்ணு கருப்பு, ஒண்ணு நெத்தில மட்டும் வெள்ளை.”

முதலக்கா டப்பா மூடியை ரொம்ப அக்கறையாகத் துடைக்கத் தொடங்கினாள். ஒன்பது புரையேறியதுபோல் இருமி, “என்னுதுல அவ வீட்டுக் கதவைத் தட்டறா. ஆட்டை வெளிய கட்டியிருப்பா போல” என்றாள்.

“பின்ன, ஆட்டோடயா வீட்டுக்குள்ள போவா?” என்றாள் எட்டக்கா.

ஏழுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. குரலை எடுக்க அவ்வளவு தூரம் போனவள், நிழலையே கேட்கிற பூதத்திடம் ஆடா கேட்பாள்? “எந்தப் பக்கத்துலக்கா அது வருது?” என்று கேட்டாள். எட்டக்கா டப்பாவை மூடிவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள்.

மறுநாள் எட்டக்கா கன்னம் வீங்கி வந்தாள். கடைவாய்ப் பல். பேசினாலே கண்ணில் நீர் முட்டியது. மேஸ்திரி அன்றைக்கு அச்சுக்கூடத்தில் இருந்தார்; மெஷின் ஏதோ மக்கர் செய்து எல்லோரும் அங்கே நின்றார்கள். எட்டக்கா தன் அடுக்கைப் பார்த்தாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள், மறுபடி அடுக்கைப் பார்த்தாள்.

“நீங்க போய்ப் பல்லைப் புடுங்கிட்டு வாங்கக்கா,” என்றாள் ஏழு. “நான் போட்டு வெக்கறேன்.” குரலில் இருந்த அவசரம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“மேஸ்திரிக்குத் தெரிஞ்சா உரிச்சுடுவாரு.”

“தெரியாது.”

வலி சட்டத்தை வென்றுவிட்டது. எட்டக்கா ஒரு தாளை எடுத்து மடித்துக் காட்டினாள். “கீழ ஓரத்துல குட்டியாக் கருப்புக் கட்டம் இருக்கு பாரு, அது இந்தக் கைக்குக் கீழ வரணும். இங்கருந்து அங்க. திருப்பு. இங்கருந்து அங்க. நம்பரெல்லாம் பாக்காத, கண்ணு போயிடும்.” அவள் இடதுகைக்காரி. தாளையே அவளுக்காக மறுபக்கமாகத் திருப்பித்தான் அடுக்கித் தருவார்கள். பலகையில் மடிப்பை அழுத்தும் கட்டை, ஈரத்துணி, தண்ணீர்ச் சொம்பு எல்லாமே எதிர்க்கையில் இருந்தன.

அவள் போனதும் ஏழு பலகை மாறி உட்கார்ந்தாள். முதல் மடிப்பைக் கவனமாகப் போட்டாள். இரண்டாவதும் சரி. மூன்றாவதில் தாள் குறுகி உள்ளங்கைக்குப் பழகிய அளவுக்கு வந்தது. வலது கை தன் வழக்கப்படி வளைத்துக் கொண்டுபோனது, கட்டை மேலே ஓடி மடிப்பை அழுத்தியது. இடுக்கில் கண்ணை வைத்தாள்.

ஆனால், மூடிய கைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் திட்டத் தொடங்கியது. எத்தனை நேரமடி, அடுப்பை அணைத்துவிட்டு வந்தாயா, ஏன் செருப்பில்லாமல் வந்தாய். பெண் மலை ஏறுகிறாள். விரலிடுக்கு வழியாகக் குரல் வசவு பொழிகிறது. அடக்கமான நிழல் ஒன்று மட்டும் பின்னால் வருகிறது. தூரத்தில் வீட்டு விளக்கு தெரிகிறது. அடுத்த பக்கத்தில் அவள் மறுபடியும் குழிக்குள், பூதத்துக்கு எதிரில் நிற்கிறாள், இரண்டு நிழலோடு. எந்த நிழல் போவது என்று நிழல்களைத்தான் கேட்க வேண்டும் என்கிறாள். நிழல்கள் இரண்டும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. கடைசியில் பூதத்துக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அது சிரித்து எத்தனை காலமோ, குழியே குலுங்குகிறது. இந்தச் சிரிப்பு நன்றாக இருக்கிறதே என்று வாலு நிழல் தானாகவே நடந்துபோய்ப் பூதத்தின் காலடியில் உட்கார்ந்துகொள்கிறது.

ஏழு தாளை மடியில் வைத்துக்கொண்டாள். குரல் கைக்கு வந்தாயிற்று, வீட்டு விளக்கும் கண்ணுக்குத் தெரிந்தாயிற்று. அப்புறமும் திரும்பி இறங்கிப் போயிருக்கிறாள், சொன்ன சொல்லுக்காக. ஒற்றை நிழல் எப்படி மறுபடி இரண்டானது என்பது ஒரு கணம் உறுத்தியது. சரிவூரில் என்னதான் நடக்காது, வழியில் முளைத்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு கை வேகம் பிடித்தது. பொழுது சாய்வதற்குள் எட்டக்காவின் அடுக்கு முழுவதும் மடிந்து, கட்டுக்கட்டாகச் சுவரோரம் ஏறிவிட்டது.

இடையில் சாப்பாட்டு நேரத்தில் அவள் எட்டாம் ஃபாரத்தைச் சொன்னாள். ஒன்பது சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். “கெடைச்சதுக்கு அப்புறமா திரும்பிப் போனா?”

“ஆமாக்கா.”

“நானா இருந்தா கதவைச் சாத்திட்டுத் தூங்கியிருப்பேன்.”

“அதான் உன்னை வெச்சு யாரும் கதை எழுதல,” என்றாள் முதலக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, “அவ ஃபாரத்த நீ தொட்டது... இது வம்புல போய் முடியும்” என்றாள்.

வீட்டில் அம்மா காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிகால் வெடிப்பில் சிமெண்ட் புகுந்து எரிந்தது. அவளுக்கும் கதையைச் சொன்னாள் ஏழு. அம்மா பாதி கேட்டாள், பாதி தூங்கி விழுந்தாள். திரும்பி இறங்குகிற இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து, “பைத்தியக்காரி” என்றாள். வாளியை நகர்த்திவிட்டுப் படுத்த பிறகு, இருட்டிலிருந்து மறுபடி அவள் குரல் வந்தது. “அப்படி ஒருத்தி இருந்தா நல்லாத்தான் இருக்கும்.”

மறுநாள் காலையில் பன்னிரண்டு ஃபாரத்தையும் வரிசையாக எடுத்து முதல் புத்தகத்தை மேஸ்திரியே சேர்த்தார். தைப்பதற்கு முன்னால் ஒருமுறை கட்டை விரலால் சர்ரென்று ஓரத்தைத் தள்ளிப் பார்ப்பது அவர் பழக்கம். விரல் நடுவில் நின்றது. திரும்பத் தள்ளினார். இன்னொரு கட்டைப் பிரித்துப் பார்த்தார், அப்புறம் இன்னொன்று.

“நூத்திப் பன்னெண்டுக்கு அப்புறம் நூத்தி இருபத்தொண்ணு. அது முடிஞ்சு நூத்திப் பதிமூணு.” சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “கடைசி மடிப்பு அத்தனையும் உள்பக்கம் வெளிய. முன்பாதி பின்னால, பின்பாதி முன்னால. எட்டு!”

எட்டக்கா எழுந்தாள். பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சு அடைத்திருந்தது, கன்னம் இன்னும் வற்றவில்லை. சுவரோரக் கட்டுகளைப் பார்த்தாள், ஏழைப் பார்த்தாள், மறுபடி மேஸ்திரியைப் பார்த்தாள்.

“நாந்தாண்ணே,” என்றாள் பஞ்சுக்குள்ளிருந்து. “வலில கவனிக்கல.”

“இத்தன வருஷமா மடிக்கற. நம்பர் தெரியல உனக்கு? இந்தா, படி. சத்தமா வரிசையாப் படி, கேப்போம்.”

எட்டக்கா தாளை வாங்கினாள். அவள் கண் எழுத்துக்குப் போகவில்லை. நேராகக் கீழ் ஓரத்துக்குப் போய், அந்தக் குட்டிக் கருப்புக் கட்டத்தில் நின்றது. அங்கேயே இருந்தது. கூடத்தில் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற ஏழுக்கு அந்தப் பார்வை புரிந்தது. ஆடு எங்கிருந்து வந்தது என்றும் புரிந்தது. எட்டக்காவை மேஸ்திரி நாலு திட்டுத் திட்டுவார், துரத்த மாட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மணல் சட்டியின் விளிம்பு உச்சந்தலையில் ஏறி உட்காருகிற அந்த முதல் கணம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கழுத்து எலும்பு ஒவ்வொன்றாக அமுங்கி இறங்கும். எட்டக்கா இன்னும் தாளைப் பிடித்தபடி நின்றாள். உதடு ஏதோ சொல்லத் தயாராவதுபோல் அசைந்தது, வழக்கம்போல் ஒரு கதையைத் தேடி. பஞ்சு வாயில் கதை வரவில்லை.

“அது நான் மடிச்சது,” என்றாள் ஏழு.

மேஸ்திரி திரும்பினார். “உன்னை யாரு அங்க கைவெக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல. ஆனாலுக்கு அப்புறம் என்னன்னு தெரியணும்னு இருந்துச்சு.”

“எந்த ஆனால்?”

“ஏழாம் ஃபாரத்துல கடைசியா வர்ற ஆனால்.”

மேஸ்திரி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “அப்போ படிச்சிருக்க. படிச்சுமா முன்ன பின்ன மாறியிருக்கறது தெரியல?”

“அவ திரும்பி எறங்கிப் போறான்னு நெனச்சுட்டேன்.”

ஒன்பது வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே சிரிப்பு தப்பித்து மூக்கு வழியாக வந்தது. அது இன்னொருத்திக்குத் தொற்றியது. மேஸ்திரி ஒரு பார்வை பார்த்தார், அடங்கியது.

“சாயங்காலம் வண்டி வருது,” என்றார். “அதுக்குள்ள இதெல்லாம் பிரிச்சு மடிச்சு, சேத்து, தைச்சாகணும். முடியலன்னா எனக்கும் இங்க வேலை இல்ல.” ஏழை விரலால் சுட்டினார், நுனியில்லாத விரல் குட்டையாக அவளை நோக்கி நின்றது. “உன் கதைய வண்டி போனதுக்கு அப்புறம் பேசிக்கறேன்.”

அது யாருக்கும் கூலி கிடைக்கிற வேலை இல்லை. தாளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். பிசகியதைத் திருத்துவதற்கு எவரும் தரப்போவதில்லை. இருந்தும் முதலக்கா தன் முக்காலியைத் தரையில் தறதறவென்று இழுத்துக்கொண்டு எட்டாம் பலகைக்கு வந்தாள். “வம்புல போய் முடியும்னு நேத்தே சொன்னேன். என் பேச்சை எவ கேட்டா?” என்று ஒரு கட்டை எடுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். பிறகு மற்ற முக்காலிகளும் வந்தன. ஏழு கை நீட்டியபோது ஒன்பது பட்டென்று தட்டிவிட்டாள்.

“நீ தொடாத தாயே. உன் கை ஆளையே திருப்பி அனுப்பிடும். நீ படி. ஒழுங்கா, வரிசையாப் படி.”

ஏழு நடுவில் நின்று படித்தாள். ஆனால், எந்த நிழல் போவதென்று நிழல்களைத்தான் கேட்க வேண்டும். சுற்றிலும் மடிப்பைப் பிரிக்கும் சத்தம், எதிர்ப்பக்கம் வளைக்கும் சத்தம், கட்டை ஓடும் சத்தம். நிழல்கள் ஒளிந்தன, பூதம் சிரித்தது, வாலு நிழல் போய் உட்கார்ந்தது, பெண் கையை நீட்டிக் குரலை வாங்கிக்கொண்டு மலை ஏறினாள். குரல் திட்டிக்கொண்டே வந்த இடத்தில், “எங்கம்மாவேதான்” என்றாள் யாரோ. வீட்டு விளக்கு தெரிந்தது. நூற்றி இருபத்தெட்டாம் பக்கம் முடிந்தது.

எட்டக்கா இடக்கையால் மடித்துக்கொண்டே, தலை தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“ஆடே வரலையா?”

முதலக்காவுக்கு அடக்க முடியவில்லை. “முப்பது புத்தகம்டி! முப்பதுலயும் எட்டாம் ஃபாரத்துல ஒரு ஆடு காணாமப் போகுது, இல்லன்னா குட்டி போடுது. கப்பல் கதைல கூட நடுக்கடல்ல ஆடு வந்துச்சு. எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

எட்டக்காவின் வீங்கிய கன்னம் சிவந்தது. “தெரிஞ்சா ஏண்டி ஒருத்தியும் வாயத் தெறக்கல?”

“தெறந்தா நீ நிறுத்திடுவியே,” என்றாள் ஒன்பது. “அந்தக் கப்பல் ஆடு கரை சேருமா சேராதான்னு நான் ராத்திரியெல்லாம் தூங்கல.”

“எனக்கு இது புடிக்கல,” என்றாள் கடைசியக்கா திடீரென்று. அவள் அபூர்வமாகத்தான் எதையும் பிடிக்கவில்லை என்பாள். “நிழலைக் குடுத்தா, குரலை வாங்குனா. கடைல வாங்கற மாதிரி. நேத்து ஏழு சொன்னால்ல, வாங்கினதுக்கு அப்புறம் திரும்பி எறங்கிப் போனான்னு. அதுதான் நல்லாருந்துச்சு.”

“அதோட ஒரு ஆடும் இருந்தா,” என்றாள் எட்டக்கா. சொல்லும்போது பஞ்சு நழுவி மடியில் விழுந்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தவளும் அவள்தான்.

மதியச் சோற்றை நின்றபடியே உண்டார்கள். ஏழு இன்னும் இரண்டு முறை படித்தாள்; கேட்டார்கள் என்பதற்காக ஒருமுறை பிசகிய வரிசையிலும் படித்தாள். வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஏறியது. தையல் முடிந்து, முதுகுக்குப் பசை பூசி, அட்டை ஏறி, மூன்று பக்கமும் வெட்டிய புத்தகங்கள் இரும்பு அழுத்திக்குள் அடுக்கடுக்காகப் போயின. மேஸ்திரி சக்கரத்தைத் தன் எடை முழுவதும் கொடுத்துச் சுற்றினார். வெளியில் வண்டி ஹாரன் அடித்தது. கட்டுகள் கைமாறி கைமாறி வாசலுக்குப் போயின. கட்டட வேலையில் செங்கல் கைமாற்றிய பழக்கத்தில் ஏழு வரிசையின் நடுவில் நின்று வாங்கி வாங்கிக் கொடுத்தாள். அந்த வேலைக்கு மட்டும் அவள் கையை யாரும் தட்டிவிடவில்லை.

வண்டி கிளம்பியதும் பெண்கள் குழாயடிக்குப் போனார்கள். ஏழு போகவில்லை. வாசலுக்கும் தன் பலகைக்கும் நடுவே, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றாள். எட்டக்காவும் போகாமல், காலியான தன் பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மேஸ்திரி ஒரு புத்தகத்தைத் தனியே எடுத்து வைத்திருந்தார். அதை மேசைமேல் கிடத்தி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தார்.

“ஏழு. இங்க வா.”

வந்தாள்.

“பாரு.”

பார்த்தாள். மற்றதெல்லாம் படிந்திருந்தது. எட்டாம் ஃபாரம் மட்டும், ஒருமுறை ஒரு பக்கம் அழுந்திய மடிப்பை மறுபக்கம் வளைத்ததால், படிய மறுத்து அட்டையை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி உள்ளங்கையால் அழுத்தினார்; அமுங்கியது. கையை எடுத்தார்; மெல்ல எழுந்தது. மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருந்தார்.

“எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கும்,” என்றார். “ஊர் ஊராப் போகப்போகுது இது.”

திட்டாகவும் இல்லை, வேறெதுவாகவும் இல்லை அந்தக் குரல். அவர் கையை எடுத்தார். ஈரத்துணியோடு அருகில் வந்து நின்ற எட்டக்காவும் சேர, மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறங்குகிற ஒருவரின் மார்பு மூச்சு இழுத்து உயர்வதுபோல, புத்தகத்தின் நடுப்பகுதி அவசரமில்லாமல் மேலே எழுந்துகொண்டிருந்தது.